ரோலர் பக்கத்தில் ஒத்திகை

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டதாரி என்று பேர். அதை மரியாதை என்று யாராவது நினைத்தால் அது நினைக்கிறவர் தப்பு. மூன்று வருஷம் கல்லூரிக்குப் போய், வணிகவியல் படித்து, அந்த வம்சத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, கடைசியில் அம்மா வேலை பார்க்கிற அதே கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிற மேஜைக்கு வந்து நின்றவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? "பட்டதாரி, தலையணை உறை எத்தனைன்னு எண்ணிச் சொல்லு, படிச்ச புள்ளதானே" என்று ரோலர்க்காரி கத்துவாள். இவள் எண்ணிச் சொல்வாள். ஒன்றுகூடத் தப்பாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

கத்துவாள் என்று சொன்னது கோபத்தில் இல்லை. அந்தக் கூடத்தில் பேச்சு என்று ஒன்று கிடையாது. ஆள் உயரத்துக்கு எட்டு சலவை மெஷின், சுவரோரம் ஆறு டிரையர், நடுவில் ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் தகடு மாதிரித் தள்ளுகிற நீளமான ஆவி ரோலர். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி பத்து வரைக்கும் எதுவும் வாயை மூடாது. "தண்ணி குடிச்சியா" என்று கேட்பதற்கும் "உன் வீடு பத்திக்கிச்சு" என்று சொல்வதற்கும் அங்கே ஒரே சத்தம்தான். புதிதாக வந்தவர்கள் ஒரு மாசம் தொண்டை கட்டிக்கொண்டு திரிவார்கள். அப்புறம் தொண்டை காய்த்துவிடும், உள்ளங்கை காய்க்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவல். காலை ஏழு மணிக்கு வந்து, ரெண்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தால் சாயந்தரம் நாலு மணிக்குத்தான் எழுவார். இருப்பது ஒரே அறை. நடுவில் ஒரு பீரோவை நிறுத்தி அதை ரெண்டாக்கியிருந்தார்கள். பீரோவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தூக்கம். இந்தப் பக்கம் மற்ற மூன்று பேரின் வாழ்க்கை. பதினோரு வருஷமாக அங்கே பகலில் குசுகுசுப்புதான். குழாயை நூல் மாதிரித் திறப்பார்கள். தட்டைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார்கள். குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்பதற்காக அவர் வருவதற்கு முன்னாலேயே சோறு வெந்துவிட வேண்டும். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். "மனுஷன் ராத்திரி பூரா முழிச்சிருக்காரு" என்று அம்மா உதட்டில் விரலை வைத்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகும் அந்த வீட்டில் யாருக்கும் குரல் ஏறாது. பழகிப்போயிற்று.

அப்பா காவல் வேலைக்குப் போனபோது பட்டதாரியின் தங்கை சின்னவளுக்கு வயது ஆறு. அவள் வளர்ந்ததே அந்தக் குசுகுசுப்பில்தான். அந்தச் சின்னவள்தான் பள்ளிப் பரீட்சை முடிந்த கையோடு, எனக்கு நடிப்புப் படிக்கணும் என்றாள்.

காரணம் இருந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு ஒரு வீட்டு வேலைக்காரி வேஷம். வசனமே கிடையாது, காபித் தட்டோடு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். மேடையில் பெரிய மனுஷர்கள் சொத்துத் தகராறு பண்ணிக்கொண்டிருக்க, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தட்டோடு நிற்கிற இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா, பெரியவளும் அதில் ஒருத்தி. தட்டில் இருக்கிற கோப்பை ஆடாமல் இவள் கை மட்டும் எப்படி நடுங்கியது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது, பதினாறு இடம், நடித்துக் காட்டி நேர்காணலில் தேறினால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா கேட்டதும் சிரித்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு. "நடிப்புக்கு ஒரு படிப்பா? நான் தினம் சூப்பர்வைசர் முன்னால இடுப்பு வலிக்காத மாதிரி நடிக்கிறேன். எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?"

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் பெரியவள்.

"சும்மாதான் இருக்கேன். உன்னைப் படிக்க வெச்சப்பவும் சும்மாதான் இருந்தேன். என்ன ஆச்சு? நான் நிக்கற கூடத்துக்கே வந்து நிக்கற."

அம்மா ஏற்கனவே சூப்பர்வைசரிடம் சின்னவளுக்காகப் பேசி வைத்திருந்தாள். மணிக்கொரு தரம் கையைத் திருப்பி நேரம் பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பேர். "மடிக்கிற மேஜையில ஒரு இடம் காலியாகுது. மாசக் கடைசித் திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருப்பேன். அப்புறம் வெளியாளுதான்" என்று சொல்லியிருந்தார். நடிப்புத் தேர்வு அந்த மாசக் கடைசிப் புதன்கிழமை. முடிவு சனிக்கிழமை. சனிக்கிழமைப் பட்டியலில் பேர் வந்தால் பல்கலைக்கழகம். வராவிட்டால் திங்கள் காலை தலைக்கு வலைத்தொப்பி. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

பெரியவள் முடிவு செய்துவிட்டாள். விண்ணப்பம் எழுதியது அவள், போட்டோ ஒட்டியது அவள், தபாலில் சேர்த்தது அவள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

ரெண்டு நிமிஷத்துக்குத் தனியாக நடிக்க ஒரு பகுதி, அங்கேயே கொடுக்கிற ஒரு பக்கத்தைப் பார்த்துப் படிப்பது, அப்புறம் நேர்காணல். இதுதான் தேர்வு. ரெண்டு நிமிஷத்துக்கு என்ன செய்வது என்பதில் முதல் சண்டை வந்தது. குசுகுசுவென்று சண்டை போடுவது ஒரு தனி வித்தை. முகத்தில் இருக்கிற ஆத்திரம் எல்லாம் காற்றாகத்தான் வரும்.

"தூங்கற ஆளுகிட்ட ஒரு பொண்ணு பேசறா. அவ்வளவுதான்க்கா. முழிச்சிருக்கும்போது சொல்ல முடியாததை எல்லாம் தூங்கும்போது சொல்றா. அவரு புரண்டு படுத்தா நிறுத்திடறா. திரும்ப ஆரம்பிக்கிறா."

"என்ன சொல்றா?"

"சின்ன விஷயம்தான். செருப்பு பிஞ்சிடுச்சு. ஸ்கூல்ல என்னைப் பாராட்டினாங்க. அந்த மாதிரி."

"செருப்பு பிஞ்சதுக்கு எவன்டி சீட்டு தருவான்? அங்க வர்றவங்க எல்லாம் மேடையக் கிழிச்சிடுவாங்க. நீ போய்க் காதுல ஊதிட்டு நிப்பியா? நான் எழுதித் தரேன்."

எழுதித் தந்தாள். ஆஸ்பத்திரியில் புருஷன் செத்துப்போன ஒருத்தி, அவனுடைய பொருள்களைக் கேட்டுக் கவுண்டரில் நிற்கிறாள். குமாஸ்தா அவளை அங்கேயும் இங்கேயும் விரட்டுகிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வெடிக்கிறாள். ஆஸ்பத்திரி விரிப்புகளோடு சில சமயம் சீப்பு, ஒற்றைக் காலுறை, பல்செட்டுக்கூட வந்து சேரும்; அதை எடுத்துப் பெட்டியில் போடுகிற கை இவளுடையது. அதனால் எழுத வந்தது. ஒரே மூச்சில் எழுதினாள். எழுதி முடித்தபோது கை சுட்டது.

ஒத்திகைக்கு இடம்? வீட்டில் முடியாது. பூங்காவுக்குப் போனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் விசில் அடிப்பான். பெரியவளுக்குக் காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பித்தால் வீடு திரும்ப எட்டரை ஆகும். வந்தால் நிற்கக்கூடக் கால் இருக்காது. மிஞ்சியது மத்தியானச் சாப்பாட்டு நேரம். சின்னவள் தினமும் சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். டிரையர்களுக்குப் பின்னால், பஞ்சுத்தூசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில் பத்தடிச் சதுரம் காலியாக இருக்கும். அங்கே அவள் நின்றாள். பெரியவள் சோற்றை வாயில் அடைத்துக்கொண்டே ரோலரின் மறுமுனைக்குப் போய் நின்றாள். மெஷின்கள் சாப்பாட்டுக்கு நிற்பதில்லை. ஆட்கள்தான் பாதிப் பாதியாகச் சாப்பிடப் போவார்கள்.

"கேக்கல!"

சின்னவள் இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

"உதடு அசையறது மட்டும்தான் தெரியுது! வயித்துலேர்ந்து வரணும்! சத்தமா!"

முதல் வாரம் அவள் குரல் கிழிந்து போயிற்று. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். ரெண்டாவது வாரம் ரோலர்வரைக்கும் வந்தது. மூன்றாவது வாரம் ரோலரைத் தாண்டி, அழுக்குத்துணி பிரிக்கிற இடத்தில் முகமூடியோடு குனிந்திருந்த அம்மாவின் காதுக்கே போயிற்று. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றி, முகமூடியை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"ஆளைத்தான் குடுக்க முடியல, அவரு சீப்பையாவது குடுங்கய்யா!" என்று சின்னவள் அலறுகிறபோது ரோலர்க்காரி விரிப்பை விட்டுவிட்டு நின்றாள். விரிப்பு கோணலாகப் போய் உள்ளே சிக்கிக்கொண்டது. கடிகாரம் ஓடி வந்து திட்டினார்.

"நீங்க திட்டுங்க சார், பரவால்ல. இந்தப் புள்ளையப் பாருங்க. உங்க சத்தத்தையே அமுக்கிடுச்சு" என்றாள் ரோலர்க்காரி. எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலே கேட்காத இடத்தில் அந்தக் குரல் கேட்டது. பெரியவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேர்காணலுக்கும் தயார் செய்தாள். தான் போய்த் தோற்ற பதினேழு வேலை நேர்காணல்களிலிருந்து கேள்விகளைப் பொறுக்கி, சலவைச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். உங்கள் பலம் என்ன. உங்கள் பலவீனம் என்ன. ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்.

"பலவீனம்?" என்று கத்துவாள் பெரியவள்.

"அளவுக்கு மீறி உழைக்கறது!" என்று பதில் கத்தல் வரும்.

"அட இவளே! அதுதான் பலவீனம்னா நாங்க எல்லாம் நோயாளிங்கடி!" என்பாள் ரோலர்க்காரி.

ஒரே ஒரு தடவை, நாலாவது வாரத்தில், சின்னவள் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "அக்கா, சத்தமே இல்லாத இடத்துல ஒருதரம் செஞ்சு பாக்கலாமா?"

"அப்படி ஒரு இடம் இருந்தா நான் போய்த் தூங்கியிருக்க மாட்டேனா? போடி. முதல்லேர்ந்து."

அவள் போய் முதலிலிருந்து செய்தாள்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பஸ் ஜன்னலுக்குக் கதவு இல்லாததால் சின்னவளின் ஒரு தோள் நனைந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. நீளமான நடை. காத்திருக்கிறவர்களுக்கு நாற்காலிகள். பெரியவள் அங்கே காலெடுத்து வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று தெரிய அஞ்சு நிமிஷம் ஆயிற்று. சத்தம் இல்லை. மழை பெய்கிற ஓசையும், யாரோ காகிதம் புரட்டுகிற ஓசையும், அவ்வளவுதான்.

ஒருத்தன் தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் புத்தகத்தை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தி சுவரைப் பார்த்து நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி, சாதாரணமாக. பெரியவளுக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு விடவும் ஆள் வைத்துச் சொல்லித் தருவார்களா?

பக்கத்து நாற்காலியில் தெர்மாஸ் வைத்திருந்த ஒரு அம்மாள் சிரித்தாள். "என் பொண்ணு நாலு வருஷமா ஒரு குழுவுல பழகறா. உங்க தங்கச்சி எங்க பழகினா?"

"எங்க எடத்துல."

"எங்கம்மா அது? கேள்விப்பட்டிருப்பேனா?"

"மாட்டீங்க" என்றாள் பெரியவள்.

பேர் கூப்பிட்டார்கள். சின்னவள் எழுந்து, நனைந்த தோளை ஒருதரம் பிழிந்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம்...

"எங்கய்யா எம்புருஷன் செருப்பு!"

கதவு தடுத்ததாகவே தெரியவில்லை. தரையில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான், புத்தகம் உருண்டது. தெர்மாஸ்காரம்மாள் நெஞ்சில் கையை வைத்தாள். படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்த ரெண்டு பேர் பாதியில் நின்று, அடிதடியோ என்று மேலே பார்த்தார்கள். சீப்பு வந்தது, கைக்கடிகாரம் வந்தது, ஒவ்வொன்றும் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு. எல்லாரும் அடக்கிக்கொண்டுதான் சிரித்தார்கள், நல்ல வளர்ப்பு.

பெரியவள் வீம்புக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் ரெண்டு நிமிஷம் முடிந்தது. உள்ளேயிருந்து ஒன்றுமே வரவில்லை. இடையில் ஒருதரம் அதே அலறலின் ஒரு துண்டு வந்தது. மறுபடி ஒன்றும் இல்லை. இன்னொரு துண்டு. அதுவும் அறுந்தது. இருபது நிமிஷம் கழித்துச் சின்னவள் வெளியே வந்து, "போலாம்க்கா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

எதிரே ஒரு தேநீர்க் கடை. தகரக் கூரையில் மழை. ரெண்டு டீ வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"உள்ள என்னடி நடந்துச்சு?"

"முதல்ல அதைச் செஞ்சேன். முடிஞ்சதும் நடுவுல இருந்தவரு காதைத் தேச்சாரு. கிண்டல் இல்லக்கா. நிஜமாவே வலிச்சிருக்கும் போல. பக்கத்துல ஒரு அம்மா, நரைச்ச குட்டை முடி. 'நல்லது, இப்ப அதையே எங்க மூணு பேருக்கு மட்டும் சொல்லுங்க. நாங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கோம்'னாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அவங்க முன்னால சாஞ்சு காதுல கை வெச்சாங்க. 'கொஞ்சம் மேல'ன்னாங்க. கொஞ்சம் மேல போனேன், அது திரும்ப ரோலர் ஆயிடுச்சு. 'கொஞ்சம் கீழ'ன்னாங்க. திரும்ப வீடாயிடுச்சு. ரேடியோ குமிழத் திருகற மாதிரி மேலயும் கீழயும் திருகிப் பாத்தாங்கக்கா. நடுவுல ஒண்ணும் வரல. எங்கிட்ட நடுவுல ஒண்ணு இல்ல."

பெரியவள் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கக் குடுத்த பக்கம்?"

"அதுதான்க்கா மோசம். சுலபமான பக்கம். ரெண்டு பேரு பஸ்ஸுக்கு நிக்கறாங்க. 'மழை வரும்போல இருக்கு'ன்னு ஒருத்தி பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லணும். அவ்வளவுதான். நான் அந்த வரிய அஞ்சு தடவை சொன்னேன். அப்பதான் தோணிச்சு, நான் யாருகிட்டயும் எப்பவும் மழை வரும்போல இருக்குன்னு சொன்னதே இல்ல."

"நேர்காணல்ல பலவீனம் கேட்டாங்களா?"

"இல்ல. வீட்ல எல்லாரும் என்ன பேசிப்பீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பேசிக்க மாட்டோம்னு சொன்னேன்."

மழை கொஞ்சம் வலுத்தது. பெரியவள் ஏதாவது திட்ட வேண்டும் என்று பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. "அந்தத் தூங்கற ஆளைச் செஞ்சு காட்டியிருக்கலாமே. அது உனக்கு வரும்ல?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப சொல்றியா? வேற ஏதாவது இருக்கான்னு அவங்களே கேட்டாங்க. இருக்கு. ஆனா நாப்பது நாள் நான் அதைத் தொடவே இல்ல. நீ விடல. நீ கேட்டுட்டு இருந்தது என்னை இல்லக்கா. நீ கத்தணும்னு நினைச்சதை எல்லாம் நான் கத்தினேன். எனக்கு அப்படி எவன்மேலயும் கோபம்கூடக் கிடையாது."

பெரியவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு மழையில் சாலையைக் கடந்தாள்.

இரண்டாவது மாடி நடையில், நரைத்த குட்டை முடிக்காரம்மா கையில் கோப்பையோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். பெரியவள் நேராகப் போனாள்.

"மேடம், இன்னொரு தடவை என் தங்கச்சியப் பாருங்க! அவளுக்கு வரும்! வேற ஒண்ணு வெச்சிருக்கா, அதை நீங்க பாக்கவே இல்ல!"

நடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்து, அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அம்மா, நான் இங்க பக்கத்துலதான் நிக்கறேன்."

பெரியவளுக்கு முகத்தில் யாரோ ஆவியைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. குரலைக் குறைத்தாள். அது குசுகுசுப்பாகப் போயிற்று. அந்தம்மா, பாவம், காதைக் கொடுத்துக் கேட்டார்.

"யார் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"எங்க பழகினீங்க?"

"சலவை மெஷின் பக்கத்துல. வீட்ல அப்பா தூங்குவாரு."

அந்தம்மா கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தார். "அவங்ககிட்ட ஏதோ இருக்கு. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா மூணு நாள்ல தொண்ணூறு பேரு வர்றாங்க, ஆளுக்கு இருபது நிமிஷம். எனக்கு வெளிய வர்றதைத்தான் பாக்க முடியும். ஏதாவது ஒரு குழுவுல சேர்ந்து ஒரு வருஷம் பழகட்டும். அடுத்த வருஷம் வரட்டும்."

"அடுத்த வருஷம் அவ எங்க இருப்பான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார் அந்தம்மா.

பொய்யாக ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் பெரியவள் சண்டை போட்டிருப்பாள். தெரியாது என்று நேராகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஈரக்காலோடு படியிறங்கி வந்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள். அஞ்சு மணிக்குப் போனில் பட்டியல் வந்தது. பதினாறு பேர். கீழே காத்திருப்போர் என்று அஞ்சு பேர். பெரியவள் இருபத்தொரு பேரையும் மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் படித்தாள். போனைச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் வாங்கிப் பார்க்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைந்து முடித்து, உலையில் போட்டுவிட்டு, "சரி" என்றாள்.

அம்மா பெருமூச்சு விட்டாள். அதில் பாதி நிம்மதி, அது அவளுக்கே தெரிந்து வெட்கப்பட்டுக்கொண்டு, "விடு. கை கால் நல்லா இருக்கு" என்றாள்.

அப்பா வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்றார். பெரியவள்தான் சொன்னாள். மெஷின் பக்கத்தில் பழகியது, அங்கே கத்தியது, எல்லாம். சொல்கிறபோதே அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்து கேட்டார்.

"ஏன் அங்க போய்ப் பழகினீங்க?"

"வேற எங்க பழகறது? நீங்க தூங்கறீங்க."

"எழுப்பியிருந்தா வெளிய போய்ப் படுத்திருப்பேனே. பஸ் ஸ்டாண்டு பெஞ்சு என்ன, எனக்கு முள்ளா? நாப்பது நாள்தானே?"

"நீங்க ராத்திரி பூரா முழிச்சிருக்க மனுஷன்..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அதை நானா சொன்னேன்? உங்களைப் பேசாதீங்கன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தார்கள். சொன்னதில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். அவர் இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சின்னவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மழை விட்டுடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் பெரியவள் திட்டம் போட்டாள். கடிகாரத்திடம் போய் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. நகரத்தில் எங்கே நாடகக் குழு இருக்கிறது என்று விசாரிப்பது. பகலில் அப்பாவை எங்கே தூங்க வைப்பது. சின்னவள் தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம். ஒரு காகிதத்தில் எழுதக்கூட ஆரம்பித்தாள். சாயந்தரம் அப்பா வேலைக்குக் கிளம்பியதும் சின்னவள் போய்ப் பீரோவுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து இவள் எழுப்பவில்லை.

திங்கட்கிழமை எழுந்தபோது சின்னவள் வீட்டில் இல்லை. அம்மா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவள் சாப்பிடவில்லை. பத்து மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

மடிக்கிற மேஜைக்கு எதிர்ப்பக்கம், தலையில் வலைத்தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாகச் சின்னவள் நின்றிருந்தாள். காலை ஆறு மணிக்கே வந்து, தானே சொல்லி, தானே கையெழுத்துப் போட்டிருந்தாள். நாலு மணி நேரம் ஓடியிருந்தது. முன்கையில் ரோலர்ச் சூடு பட்டுச் சிவந்திருந்தது.

"யாருடி உன்னை வரச் சொன்னது?" என்று கத்தினாள் பெரியவள். "நான்தான் இருக்கேன்ல? நான் எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்! கழட்டு அதை!"

கடிகாரம் அந்தக் கோடியிலிருந்து கையைத் திருப்பி நேரம் பார்த்தார். ரோலர் ஒரு விரிப்பைத் தள்ளிவிட்டது. அதை ரெண்டு பேர் பிடித்தே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் தரையில் விழுந்து மறுபடி சலவைக்குப் போகும். சின்னவள் ரெண்டு மூலையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். பெரியவள் மற்ற ரெண்டு மூலையைப் பிடித்தாள். இழுத்து உதறினார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு. அப்புறம் இருவரும் நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்க்க வேண்டும்.

"பெருவிரல உள்ள குடுத்துப் பிடி" என்று பெரியவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஓரத்தை முதல்ல..."

சின்னவள் நடந்து வந்துவிட்டாள். சுடுகிற துணி நடுவில் இருக்க, முகத்துக்கு முகம் ஒரு சாண்கூட இல்லை. அந்தத் தூரத்தில் கத்தவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்.

"இதையாவது நீ எனக்குச் சொல்லிக் குடுக்காதக்கா" என்றாள்.

பெரியவள் தன் கையிலிருந்த ரெண்டு மூலையையும் அவள் கையில் கொடுத்தாள். அடுத்த விரிப்பு வந்துகொண்டிருந்தது.